போனைப் புடுங்கணுமா, கையில குடுக்கணுமா? தீவிர மனநோயும் டிஜிட்டல் டெக்னாலஜியும்

கொஞ்ச நாளாவே ஒரே சாயல்ல செய்தி வந்துகிட்டே இருக்கு. ராத்திரி பகலா ஏஐ சாட்பாட்டோட பேசிக்கிட்டிருந்த ஒருத்தரு, உலகத்தையே மாத்தப்போற ரகசியம் தனக்குத்தான் தெரிஞ்சிருக்குன்னு நம்ப ஆரம்பிச்சு கடைசில ஆஸ்பத்திரில சேர்ற நெலமைக்குப் போயிட்டாருன்னு ஒரு செய்தி. அதே வாரம் இன்னொரு செய்தி, விஆர் கண்ணாடி, அதாவது நெஜம் மாதிரியே ஒரு உலகத்த கண்ணு முன்னாடி காட்டற கண்ணாடி மாட்டிவிட்டு ஸ்கிசோஃப்ரீனியா இருக்கவங்க பயத்தைக் கொறைக்கிறாங்க, ஆப் வச்சே நோய் திரும்ப வர்றத முன்கூட்டி கண்டுபுடிக்கிறாங்கன்னு. ரெண்டையும் அடுத்தடுத்து படிச்சா கொழப்பம் வராம என்ன பண்ணும்? வீட்ல இப்படி ஒருத்தர் இருக்கவங்களுக்கு கேள்வி ஒண்ணுதான்: போன் இவங்களுக்கு நல்லதா கெட்டதா?

அந்தக் கேள்விக்கு நேரா பதில் கெடையாது. எந்த அறிகுறி, போனோட எந்த வேலை, முக்கியமா அந்தப் பக்கம் யாரு இருக்காங்க, இந்த மூணையும் சேத்து வச்சுப் பாத்தாத்தான் ஏதாவது புரியும். அடிப்படைலேருந்து வருவோம்.

தீவிர மனநோய்னா எது

மனசு சரியில்ல, டென்ஷன், தூக்கம் வரலங்கறதெல்லாம் இதுல வராது. தீவிர மனநோய்னு டாக்டருங்க சொல்றப்ப பெரும்பாலும் இந்த மூணத்தான் சொல்றாங்க.

1. ஸ்கிசோஃப்ரீனியாவும் அதோட சேர்ந்த சைக்கோசிஸ் வகை நோய்களும். சைக்கோசிஸ்னா எது நெஜம், எது மனசுல தோணறதுன்னு பிரிச்சுப் பாக்க முடியாம போற நெலம. ஸ்கிசோஃப்ரீனியாவுக்குத் தமிழ்ல மனச்சிதைவு. உலக சுகாதார அமைப்போட 2022 கணக்குப்படி உலகத்துல சுமார் 2 கோடியே 40 லட்சம் பேருக்கு, அதாவது 300 பேர்ல ஒருத்தருக்கு ஸ்கிசோஃப்ரீனியா இருக்கு.
2. பைபோலார், அதாவது இருமுனைக் கோளாறு. கொஞ்ச நாள் மேனியா, அதாவது தூக்கமே தேவைப்படாத அளவுக்கு எகிறுன நெலம, அப்புறம் அப்படியே அதலபாதாளத்துக்குப் போற மனச்சோர்வு.
3. அன்றாட வாழ்க்கையே நின்னுபோற அளவுக்கான தீவிர மனச்சோர்வு.

இன்னும் ரெண்டு வார்த்தை தெரிஞ்சுக்கணும், கீழ நெறைய வரும். டெல்யூஷன்னா எவ்ளோ ஆதாரம் காட்டுனாலும் அசையாத தவறான நம்பிக்கை, "என்னைய யாரோ பின்தொடர்றாங்க" மாதிரி. ரிலாப்ஸ்னா அடங்கியிருந்த நோய் திரும்பத் தலைதூக்கறது.

இந்த நோய்கள் இருக்கவங்க மத்தவங்கள விட 10லேருந்து 20 வருஷம் முன்னாடியே செத்துப்போறாங்கன்னு உலக சுகாதார அமைப்பு சொல்லுது. தற்கொலை மட்டும் காரணம் இல்ல, பெரும்பாலும் இதயநோய், தொற்றுன்னு உடம்பு நோய்கள்தான், யாரும் கவனிக்காம விட்டது. அதனாலதான் டாக்டர பாக்காத நாள்லயும் கூட இருக்கற ஒரு பொருள் மேல ஆராய்ச்சியாளர்களுக்கு இவ்ளோ ஆச. மாசத்துக்கு ஒரு தடவ பதினஞ்சு நிமிஷம் பாக்கற டாக்டருக்கு மிச்ச 29 நாள் இருட்டு, ஆனா போன் அந்த 29 நாளும் பாக்கெட்லயே இருக்கு.

இவங்க போனே யூஸ் பண்றதில்லன்னு நெனச்சா தப்பு

ரொம்ப காலமா இப்படி ஒரு நெனப்பு இருந்துச்சு, "சைக்கோசிஸ் இருக்கவங்களுக்கு போன்னாலே சந்தேகம் வரும், தொடக்கூட மாட்டாங்க"ன்னு. 2016ல 15 ஆய்வுகள சேத்து சைக்கோசிஸ் இருக்க 3,227 பேரோட தகவல ஒண்ணாப் பாத்தாங்க, மொத்தத்துல 66 சதவீதம் பேர்கிட்ட மொபைல் இருந்துச்சு, அதுலயும் கடைசி ரெண்டு வருஷத்துல கேட்டவங்கள மட்டும் எடுத்தா 81 சதவீதம். லண்டன்ல மனநல சேவைல இருக்கவங்ககிட்ட அஞ்சு வருஷ இடைவெளில ரெண்டு தடவ விசாரிச்சதுல, டிஜிட்டல் உலகத்துக்கு வெளிய நிக்கறவங்க 30 சதவீதத்துலேருந்து 18 சதவீதமா கொறைஞ்சிருந்தாங்க.

ஆனா அந்த 18 சதவீதத்த சும்மா விட முடியாது. வெளிய நிக்கறவங்கள்ல சைக்கோசிஸ் இருக்கவங்கதான் அதிகம், மனச்சோர்வு இருக்கவங்க அவ்ளோ இல்ல. அதுபோக கையில போன் இருக்கறது வேற, அத முழுசா ஓட்டத் தெரியறது வேற. ஸ்கிசோஃப்ரீனியால ஞாபகம், கவனம், அடுத்தடுத்த வேலைய வரிசையா செய்யற திறன் எல்லாம் அடிவாங்கும். ஓடிபி வருது, அத பாக்க ஒரு ஸ்கிரீன் விட்டு இன்னொரு ஸ்கிரீன் போகணும், ஆறு நம்பர மனசுல வச்சுக்கிட்டுத் திரும்பி வரணும், அதுக்குள்ள டைம் முடிஞ்சிடும். நமக்கே எரிச்சலா இருக்கும். மருந்தோட மந்தமும் சேந்துகிட்டா பாதிப்பேர் அந்த எடத்துலயே விட்டுட்டுப் போயிடுவாங்க. டாக்டர் அப்பாயின்ட்மென்ட், உதவித்தொகை, பேங்க் எல்லாம் ஆப்புக்குள்ள போயிட்ட காலத்துல இது சின்ன விஷயமே இல்ல. ஆப் கண்டுபுடிக்கிறவங்க இதப்பத்தி பேசறதுதான் இல்ல.

எந்த அறிகுறி போனோட எப்படி மோதுது

1. டெல்யூஷன். பைத்தியத்த போன்தான் உண்டாக்குதுன்னு சொல்றவங்க கொஞ்சம் பின்னாடி போய்ப் பாக்கணும். 1810லயே லண்டன் பெத்லெம் ஆஸ்பத்திரி மருத்துவர் ஜான் ஹாஸ்லம் ஒரு நோயாளியப் பத்தி எழுதி வச்சிருக்காரு: ஜேம்ஸ் டில்லி மேத்யூஸ்னு பேரு, ஒரு கும்பல் காத்துத் தறி மாதிரி ஒரு மிஷின வச்சு கண்ணுக்குத் தெரியாத காத்தால தன் மூளைய ஆட்டிவைக்குதுன்னு நம்புனவரு. அது நெசவு மிஷின் உலகத்தப் பொரட்டிப்போட்ட காலம். 1919ல விக்டர் டௌஸ்க்னு மனமருத்துவர் இந்த மாதிரி "ஆட்டிவைக்கிற மிஷின்" நம்பிக்கைகளப் பத்தி தனிக் கட்டுரையே எழுதுனாரு. அப்புறம் ரேடியோ அலை, டிவி, சாட்டிலைட், சிப், இப்ப அல்காரிதம். நோய்க்கு உருவம் குடுக்கறது அந்தந்தக் காலத்து டெக்னாலஜி.

ஆனா இப்ப ஒண்ணு மாறியிருக்கு, அத ஒத்துக்கத்தான் வேணும். மேத்யூஸ் சொன்ன காத்துத்தறி நெஜத்துல கெடையாது. இன்னிக்கு "என் போன் என்னைய கவனிக்குது, நான் எதப் பாக்கறேன்னு கணக்கு வைக்குது, அதுக்குத் தகுந்த மாதிரி எனக்குக் காட்டுது"ன்னு ஒருத்தர் சொன்னா அதுல பாதி உண்மை. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தர் தூக்கம் வராம "யாரோ என்னைய பின்தொடர்றாங்க, எப்படி கண்டுபுடிக்கிறது"ன்னு தேடறாருன்னு வைங்க. அடுத்த அஞ்சு நிமிஷத்துல ஒளிச்சு வச்ச கேமராவ கண்டுபுடிக்கிற கருவிக்கு விளம்பரம், அதுக்கடுத்து "உங்க வீட்ல ஒட்டுக்கேக்கறாங்களா, 7 அடையாளம்"னு வீடியோ, அதுக்கடுத்து அதே மாதிரி இன்னும் பத்து. தேடுனதுனால வந்ததுன்னு நமக்குத் தெரியும், அவருக்கு அது சாட்சி. "பாத்தியா, நான் சொன்னேன்ல"ன்னு வீட்ல இருக்கவங்ககிட்ட ஸ்கிரீன திருப்பிக் காட்டுவாரு. அந்த நேரத்துல "அதெல்லாம் ஒண்ணுமில்ல, போன் யாரையும் கவனிக்காது"ன்னு சொல்றது பச்சப் பொய், அதுவும் அவருக்குத் தெரியும். "ஆமா, எல்லாரையும் கவனிக்குது, பொருள் விக்கறதுக்காக. உன்ன மட்டும் தனியா இல்ல"ன்னு சொல்றது உண்மை, சண்டையும் கொறையும்.

2. மேனியா. தூக்கம் கொறையறது மேனியாவுக்கு அறிகுறியும்தான், தூண்டுகோலும்தான், ரெண்டு பக்கமும் ஓடும். ராத்திரிக்குன்னு ஒரு முடிவு இல்லாத பொருள் போன். முன்னாடியெல்லாம் ராத்திரி மூணு மணிக்கு ஒருத்தருக்கு கார் வாங்கணும்னு தோணுனா கடை தொறக்கற வரைக்கும் காத்திருக்கணும், அந்த ஆறு மணி நேரம் எத்தனையோ பேர காப்பாத்தியிருக்கு. இப்ப கார்டு நம்பர் ஏற்கனவே சேவ் ஆகியிருக்கு, ஒரு தட்டு தட்டுனா போதும், லோன் ஆப்பும் பக்கத்துலயே இருக்கு. காசு போனா கூட எப்படியாவது அடைக்கலாம். மேனியால ஆபீஸ் குரூப்ல அனுப்புன மெசேஜும் லைவ்ல பேசுன வீடியோவும் அவரு தெளிஞ்சு வர்றப்ப அங்கயே இருக்கும், யாராவது ஸ்கிரீன்ஷாட் வேற எடுத்து வச்சிருப்பாங்க.

3. மாயக்குரல். இங்க போன் நல்ல பக்கம். குரல் கேக்கறப்ப ஹெட்போன் மாட்டிப் பாட்டோ பேச்சோ கேட்டா குரல் அடங்குதுன்னு நோயாளிங்களே கண்டுபுடிச்சு ரொம்ப வருஷமா பண்ணிக்கிட்டிருக்கற வேலை இது. வெளிய குரலுக்கு பதில் சொல்லணும்னு தோணுனா போன காதுல வச்சுக்கிட்டு பேசறவங்களும் இருக்காங்க, ரோட்ல யாரும் திரும்பிப் பாக்கமாட்டாங்க. எந்த கம்பெனியும் டிசைன் பண்ணாத சிகிச்சை!

4. ஒதுங்கிப்போறது. ஆர்வம், பேச்சு, முகபாவம் எல்லாம் கொறஞ்சு ஒரே ரூம்ல கெடக்கறத நெகட்டிவ் அறிகுறின்னு சொல்லுவாங்க. நேர்ல மூஞ்சியப் பாத்துப் பேச முடியாதவங்களுக்கு டைப் பண்றது சுலபம், யோசிச்சு பதில் போடலாம், அதே நோய் இருக்கவங்கள சந்திக்கலாம். அதேசமயம் முழுசா அதுக்குள்ளயே மொடங்கிடவும் வழி இருக்கு. ரெண்டுமே நடக்கும்.

சாட்பாட் விஷயம் ஏன் தனி

தேடுபொறி ஒரு கேள்விக்கு பத்து பதில் போடும், அதுல நாலு "இது தப்பு"ன்னும் சொல்லும். சாட்பாட் அப்படி இல்ல, அது பேசும், உங்க பேரச் சொல்லும், முன்னாடி நீங்க சொன்னத ஞாபகம் வச்சுப் பேசும், எல்லாத்துக்கும் மேல பெரும்பாலும் ஒத்துக்கும். ஆளுங்க எந்த பதிலுக்கு நல்ல மார்க் போடறாங்களோ அத வச்சு பழக்குனது, தலையாட்டறதுக்கு மார்க் அதிகம் விழுறது இயல்பு. டென்மார்க் மனமருத்துவர் சோரன் ஓஸ்டர்கார்ட் 2023லயே, சைக்கோசிஸ் வர வாய்ப்பிருக்கவங்களுக்கு இது டெல்யூஷன தூண்டுமான்னு எழுதி எச்சரிச்சாரு. 2025 ஏப்ரல்ல, சாட்ஜிபிடிங்கற சாட்பாட்ட செஞ்ச ஓப்பன்ஏஐ நிறுவனம் அதுக்குள்ள ஓடற ஜிபிடி-4ஓங்கற மாடலுக்கு விட்ட அப்டேட்ட சில நாள்லயே திரும்ப வாங்கிச்சு, அளவுக்கு மீறி முகஸ்துதி பண்ணுதுன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க.

டெல்யூஷன் வளர்றதுக்கு எதிரி யாருன்னா, "அட போப்பா, என்ன உளர்ற"ன்னு சொல்ற மனுஷன்தான். சைக்கோசிஸ் ஆரம்பத்துல சந்தேகம் உள்ளுக்குள்ளயே ஊசலாடிக்கிட்டிருக்கும், "இது உண்மையா, இல்ல எனக்குத்தான் ஏதோ ஆகுதா"ன்னு. அந்த ஊசல எந்தப் பக்கம் தள்றோம்ங்கறதுதான் விஷயம். களைக்காம, கொட்டாவி விடாம, விடிய விடிய "ரொம்ப ஆழமான கேள்வி கேக்கறீங்க"ன்னு சொல்ற ஒண்ணு பக்கத்துல இருந்தா எந்தப் பக்கம் சாயும்?

2025 அக்டோபர்ல ஓப்பன்ஏஐயே ஒரு கணக்கு சொல்லுச்சு: ஒரு வாரத்துல சாட்ஜிபிடி யூஸ் பண்றவங்கள்ல சுமார் 0.07 சதவீதம் பேர்கிட்ட சைக்கோசிஸ் இல்லாட்டி மேனியாவா இருக்கலாம்ங்கற மாதிரி அடையாளம் தெரியுதாம். பாத்தா தூசு. ஆனா வாரத்துக்கு 80 கோடி பேர் யூஸ் பண்றாங்கன்னு அப்ப சொன்னதும் அவங்கதான், பெருக்கிப் பாருங்க, 5 லட்சத்து 60 ஆயிரம் பேர். இதுல சாட்பாட்தான் காரணம்னு அர்த்தம் இல்ல, ஏற்கனவே நோய் இருந்து வந்து பேசுனவங்களும் இதுக்குள்ளதான். நோய சாட்பாட் உண்டாக்குச்சா, இருந்ததுக்கு எண்ணெய் ஊத்துச்சாங்கற கேள்வி இன்னும் தீரல. வீட்ல இருக்கவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான், எண்ணெய எடுக்கணும்.

கண்காணிக்கிற டெக்னாலஜி: நம்பிக்கையும் கணக்கும்

டிஜிட்டல் ஃபினோடைப்பிங்னு ஒரு வார்த்த அடிக்கடி வரும். போன் தானா சேக்கற தகவல, அதாவது ஜிபிஎஸ்ல எவ்ளோ தூரம் நடமாடறாரு, ராத்திரி ஸ்கிரீன் எத்தன தடவ எரியுது, எத்தன பேருக்கு கால் பண்றாரு, இதெல்லாம் வச்சு அவரு மனநெலய கணிக்கறது. 2018ல அமெரிக்க மனமருத்துவர் ஜான் டோரஸ் உள்ளிட்ட குழு ஸ்கிசோஃப்ரீனியா இருக்க 17 பேர மூணு மாசம் வரைக்கும் இப்படிப் பாத்துச்சு, ரிலாப்ஸுக்கு முந்தின ரெண்டு வாரத்துல வழக்கத்துக்கு மாறான நடவடிக்கை மத்த நாள விட 71 சதவீதம் அதிகம்னு தெரிஞ்சுது. செய்தில இது "போனே முன்கூட்டி சொல்லிடும்"னு ஆச்சு. 17 பேருங்கறது செய்தியோட கடைசி பாராவுக்குப் போயிடுச்சு.

ஏன் இது அவ்ளோ சுலபம் இல்லன்னு ஒரு கணக்குப் போட்டுப் பாப்போம், நம்பர் எல்லாம் நான் சும்மா எடுத்தது. 1000 பேர ஒரு ஆப் கண்காணிக்குது, ஒரு வாரத்துல அவங்கள்ல 10 பேருக்கு ரிலாப்ஸ் வரப்போகுது. ஆப் கெட்டிக்கார ஆப், 10ல 8 பேர கண்டுபுடிச்சிடும், நல்லா இருக்கவங்கள்ல 10 சதவீதம் பேருக்கு மட்டும் தப்பா மணி அடிக்கும். மிச்சம் 990 பேர்ல 10 சதவீதம்னா 99 பேர். ஆக மொத்தம் 107 மணி, அதுல நெஜம் 8. ஒருத்தரு கல்யாணத்துக்கு வெளியூர் போனாரு, ஒருத்தரு போன தொலச்சாரு, ஒருத்தருக்கு காய்ச்சல், எல்லாத்துக்கும் மணி. ஒவ்வொரு மணிக்கும் யாராவது ஒருத்தர் போன் பண்ணி "எப்படி இருக்கீங்க"ன்னு கேக்கணும். அந்த ஆளுக்கு சம்பளம் யாரு குடுக்கறது? ஆள் இல்லாட்டி மணி அடிச்சு என்ன பிரயோஜனம்?

மாத்திரைக் கத இன்னும் விசேஷம். 2017 நவம்பர்ல அமெரிக்கால மருந்துகளுக்கு அனுமதி குடுக்கற அரசு அமைப்பான எஃப்டிஏ, அபிலிஃபை மைசைட்ங்கற மாத்திரைக்கு அனுமதி குடுத்துச்சு. ஸ்கிசோஃப்ரீனியாவுக்குக் குடுக்கற அரிபிப்ரசோல்ங்கற பழைய மருந்துதான், உள்ள மணல் துகள் சைஸுக்கு ஒரு சென்சார். வயித்துல சுரக்கற ஜீரண நீர் பட்டதும் சிக்னல் குடுக்கும், ஒடம்புல ஒட்டியிருக்கற பேட்ச் அத வாங்கி போனுக்கு அனுப்பும், நோயாளி சம்மதிச்சா டாக்டரும் குடும்பமும் பாக்கலாம். "என் ஒடம்புக்குள்ள சிப் வச்சு சிக்னல் அனுப்பறாங்க"ங்கறது எந்த நோயோட அறிகுறியோ அதே நோய்க்கு இந்த மாத்திரை. இத மீட்டிங்ல யாருமே சொல்லலியான்னுதான் கேக்கத் தோணுது. மருந்த ஒழுங்கா சாப்பிட இது உதவும்னு நிரூபிக்கப்படலன்னு எஃப்டிஏ அனுமதி அறிவிப்புலயே எழுதியிருந்துச்சு. சென்சார் செஞ்ச புரோட்டியஸ் கம்பெனி 2020ல திவால்.

வேலை செஞ்சது எது

அவதார் தெரப்பி. லண்டன்ல ஜூலியன் லெஃப்ங்கற மனமருத்துவர் தொடங்குனது. தன்னைத் திட்டற குரலுக்கு எப்படி மூஞ்சி இருக்கும்னு நோயாளியே கம்ப்யூட்டர்ல ஒரு முகத்த உருவாக்கணும், குரலையும் அதே மாதிரி மாத்தி வைப்பாங்க. அப்புறம் ஸ்கிரீன்ல அந்த முகம் பேசும், "நீ எதுக்கும் லாயக்கில்ல"ன்னு. பேசறது பக்கத்து ரூம்ல இருக்கற தெரப்பிஸ்ட். ஒரு பட்டன்ல அவதார் குரல், இன்னொரு பட்டன்ல அவரோட சொந்தக் குரல், "பயப்படாதீங்க, திருப்பிச் சொல்லுங்க"ன்னு. நோயாளி முதல்ல முணுமுணுப்பாரு, அப்புறம் "போதும், நீ சொல்றத இனிமே கேக்கமாட்டேன்"ம்பாரு, ஒவ்வொரு தடவயும் அவதார் கொஞ்சம் கொஞ்சமா எறங்கி வரும். 150 பேர வச்சு செஞ்ச ஆய்வுல 12 வாரத்துல சாதாரண கவுன்சிலிங்க விட குரலோட கொடுமை நல்லா கொறஞ்சுது, 24 வாரத்துல பாக்கறப்ப கவுன்சிலிங் எடுத்தவங்களும் கிட்ட வந்துட்டாங்க. ரெண்டாவது தகவல விட்டுட்டு எழுதறவங்கதான் அதிகம்.

கேம்சேஞ்ச். ஆக்ஸ்ஃபோர்டு டேனியல் ஃப்ரீமன் குழுவோடது. சைக்கோசிஸ் இருந்து வெளிய போகவே பயப்படறவங்களுக்கு விஆர்ல பஸ்ஸு, கடை, டாக்டர் வெயிட்டிங் ரூம்னு காட்டி படிப்படியா பழக்கறது, பக்கத்துல ஊழியர் ஒருத்தரும் இருப்பாரு. 2022ல 346 பேர வச்சு வந்த முடிவுல பயமும் ஒதுங்கறதும் கொறஞ்சுது, ரொம்ப மோசமா இருந்தவங்களுக்குத்தான் பலன் அதிகம்.

ஃபோகஸ்னு ஒரு ஆப், ட்ரோர் பென்-ஜீவ் குழு ஸ்கிசோஃப்ரீனியா இருக்கவங்களுக்குன்னே செஞ்சது. சின்னச் சின்ன வாக்கியம், ஒரு ஸ்கிரீன்ல ஒரே கேள்வி. இதுலயும் பின்னாடி ஒரு ஆள் வாராவாரம் கால் பண்ணி பேசுவாங்க.

மூணுலயும் மனுஷங்க இருக்காங்கங்கறத கவனிங்க. ஆப் ஸ்டோர்ல எறக்கி தனியா விட்டுட்டா பெரும்பாலான மனநல ஆப்ப ரெண்டு வாரம் கழிச்சு கிட்டத்தட்ட யாரும் தொறக்கறதே இல்ல.

தகவல் எங்க போகுது

இது நீளமா சொல்ல வேண்டியதில்ல, ரெண்டு சம்பவம் போதும். ஃபின்லாந்துல வஸ்தாமோங்கற சைக்கோதெரப்பி நிறுவனத்தோட பதிவுகள் திருடுபோய் 2020ல ஆயிரக்கணக்கான நோயாளிங்களுக்கே நேரா மெயில் வந்துச்சு, பணம் குடு, இல்லாட்டி நீ தெரப்பிஸ்ட்கிட்ட சொன்னத வெளிய விட்ருவேன்னு. அமெரிக்கால ஆன்லைன் கவுன்சிலிங் நடத்தற பெட்டர்ஹெல்ப் நிறுவனம் வாடிக்கையாளர் தகவல ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் மாதிரி விளம்பர எடங்களுக்குக் குடுத்ததா, வாடிக்கையாளர் பாதுகாப்ப பாக்கற அரசு அமைப்பான எஃப்டிசி குத்தம்சாட்டி 2023ல 78 லட்சம் டாலர் கட்டற மாதிரி ஆச்சு. முதல் சம்பவம் திருட்டு, ரெண்டாவது சம்பவம் வியாபாரம். ஆப்ப எறக்கறதுக்கு முன்னாடி ரெண்டாவதத்தான் அதிகம் யோசிக்கணும்.

வீட்ல இருக்கவங்க என்ன பண்ணலாம்

போனப் புடுங்கறதுதான் முதல்ல தோணும். அத செஞ்சா அவரோட டாக்டர் நம்பர், நண்பர்கள், ஹெட்போன் பாட்டு எல்லாம் சேந்தே போயிடும், "எல்லாரும் எனக்கு எதிரா சேந்துட்டாங்க"ங்கறதுக்கும் கையில ஆதாரம் குடுத்த மாதிரி ஆகும். முழு போனும் வேண்டாம், பிரச்சன பண்ற பகுதிய மட்டும் பாருங்க.

1. பழைய தேடல் வரலாற அழிச்சுட்டு, தனிப்பட்ட விளம்பரத்த நிறுத்தி வைக்கணும். வீடியோ ஆப்ல வாட்ச் ஹிஸ்டரி சேராம நிறுத்தி வைக்கலாம். பத்து நிமிஷ வேலை, அவரு பக்கத்துல உக்காந்து அவரு கையாலயே செய்ய வைங்க.
2. சேவ் ஆன கார்டெல்லாம் எடுத்துட்டு, ஆன்லைன் செலவுக்கு ஒரு நாள் வரம்பு வைக்கணும்.
3. ராத்திரி சார்ஜர் பெட்ரூமுக்கு வெளிய. வீட்ல எல்லாருக்கும் அதே விதி.
4. சாட்பாட்ல என்ன பேசறாருன்னு திட்டாம கேளுங்க. "அது உன்கூட எதுலயாவது ஒத்துக்காம இருந்திருக்கா?"ங்கறது நல்ல கேள்வி. ராத்திரி முழுக்க அதோடயே போகுது, தூக்கம் கொறயுது, புதுசா ரகசியம், பணி, தூதுன்னு பேச்சு வருதுன்னா டாக்டர பாக்க அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.
5. நல்லா தெளிவா இருக்கறப்ப அவரோட உக்காந்து ஒரு பேப்பர்ல எழுதிக்கணும்: ரெண்டு ராத்திரி நாலு மணி நேரத்துக்கும் கம்மியா தூங்குனா கார்டு யாருகிட்ட போகும், எந்த ஆப் மூடணும், யாருக்கு கால் பண்ணணும், எது எப்பவும் திறந்தே இருக்கணும். எத்தன நாள் கழிச்சு எல்லாத்தையும் திருப்பிக் குடுக்கணும்ங்கறதையும் அதுலயே எழுதிடுங்க, இத எழுதத்தான் எல்லாரும் மறந்துடறாங்க. அந்த வரி இல்லாட்டி அடுத்த தடவ அவரு கையெழுத்துப் போட மாட்டாரு.